குணமான காசில்டா

"பாருங்க சென்யோரா, எப்படிக் குண்டாயிட்டேன்!" காசில்டா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

எல்விராவுக்கு மனசு நிறைந்தது. லிமாவின் இந்த மொட்டை மலைமேல் வந்து, பனிமூட்டத்தில் இருநூற்றுச் சொச்சம் படி ஏறியதற்கு இந்தச் சிரிப்பே போதும். மலைச்சரிவு முழுக்கப் பலகை வீடுகள், வீட்டுக்கு வீடு காசநோய். மாத்திரையை அரசாங்கம் கொடுத்துவிடும். அதை விழுங்க வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டுமே. அந்தச் சாப்பாட்டுக்கும், வீடு வீடாகப் போய் மாத்திரையை விழுங்கவைக்கும் நர்ஸின் சம்பளத்துக்கும் எல்விரா வேலை பார்த்த அறக்கட்டளைதான் பணம் தந்துகொண்டிருந்தது.

போன வருட அறிக்கையில், பிழைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்த பேர் காசில்டா. அவளை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று எல்விரா முந்தின வாரமே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மாத்திரை எல்லாம் முடிஞ்சுதா?"

"ஆறு மாசமும் ஒரு நாள் விடல. நர்ஸம்மா விட்டாத்தானே!"

நர்ஸ் நிமியா சிரிக்கவில்லை. மூன்று வருடமாக இந்தப் படிகளில் ஏறி இறங்கிக் காய்த்துப்போன பெண். "காசில்டா, ஒரு போட்டோ எடுக்கணுமாம்" என்றாள். தன்னைக் கூப்பிடாத மாதிரி காசில்டா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமியா தோளைத் தொட்டு இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

எல்விரா படம் எடுத்துக்கொண்டாள். சூடான வாற்கோதுமைக் கஷாயம் வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

கீழே, ஓட்டுநர் எவரிஸ்தோ வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஏறியதும் எல்விரா தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"சார், பிரமாதம்! சாகக் கிடந்தவ எழுந்து நிக்கிறா. இங்க நம்ம வேலை முடிஞ்சுது. இந்த வருஷத்தோட நிறுத்திட்டு, அந்தப் பணத்தை வேற ஊருக்குத் திருப்பிடலாம்."

போனை வைத்துவிட்டுப் படத்தை அவன் பக்கம் நீட்டினாள். "பாரு எவரிஸ்தோ, நாம காப்பாத்தின காசில்டா."

அவன் ஒரு பார்வை பார்த்தான். இறக்கத்திலேயே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"இது காசில்டா இல்ல சென்யோரா. ரூஃபினா."

"என்ன உளர்ற?"

"கடைசிப் படிக்கட்டு வீடு. இவளுக்குச் சீக்குன்னு தெரிஞ்சே மூணு வாரந்தான் ஆகுது. குண்டாவாவது ஒண்ணாவது! உள்ள ரெண்டு மூணு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு வந்திருப்பா."

எல்விராவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப அந்த நர்ஸ் என்னை ஏமாத்தினாளா? நிஜ காசில்டா எங்க?"

"செத்துப் போச்சு."

"அதை நேரா சொல்றதுக்கு என்ன?"

"போன வருஷம் பக்கத்து மலையில ரெண்டு பேர் செத்தப்ப, பணம் வீணாப் போகுதுன்னு நிறுத்தினீங்க. நான்தான் வண்டி ஓட்டினேன். இங்கயும் நின்னுடுமோன்னு அந்தம்மா பயந்திருக்கும்." கண்ணாடியில் வழியும் பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "செத்தாலும் நிறுத்துறீங்க, பிழைச்சாலும் நிறுத்துறீங்க. பாவம், அவங்க எதைத்தான் காட்டுவாங்க?"

எல்விரா போனைக் கையில் எடுத்தாள். தலைமை அலுவலகத்தை மறுபடி கூப்பிடப் போனாள். அப்போது சந்தேகம் வந்தது. பணம் நின்றுவிடக்கூடாது என்று இவனும் கதை கட்டுகிறானோ?

"நீ மலைமேல ஏறவே இல்லையே. காசில்டா செத்துட்டான்னு உனக்கு யார் சொன்னது?"

எவரிஸ்தோ அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான்.

"என் தங்கச்சி, சென்யோரா. போன மாசம் இந்தக் கையாலதான் மண்ணு தள்ளினேன்."