முழுச் சுமை

“யாரும் எதையும் நிப்பாட்டாதீங்க” என்று கத்திக்கொண்டே பூரணி தோட்டத் தொழிலாளர் லயத்து வாசல் நெடுக ஓடினாள்.

ஒரு செருப்பு சேற்றில் கழன்றுவிட்டது. திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். நோர்வூட் பக்கத்து இந்தத் தோட்டத்தின் ஓடையில் குழாய் போட்டு, சின்னதாக ஒரு சுழலியை வைத்து, அதிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் அவளுடைய ஆய்வு. இன்று காலை லயத்துக்கு வரும் வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதன் எல்லாக் காம்பரா வீடுகளையும் ஓடை மின்சாரத்துக்கு மாற்றியிருந்தாள்.

சுழலி பத்துக் கிலோவாட் தரும் என்று ஆய்வில் எழுதியாகிவிட்டது. அது உண்மை என்று காட்ட வேண்டுமானால், அந்தப் பத்தையும் ஒரே நேரத்தில் யாராவது செலவழிக்க வேண்டும்.

ஓடையில் கைவைக்கத் தோட்ட நிர்வாகம் கொடுத்த அனுமதி இன்றோடு முடிகிறது. சுழலியோடு இணைத்த மீட்டரின் முள் பத்தைத் தொடாவிட்டால் நாளைக்குக் குழாயைக் கழற்ற வேண்டியதுதான்.

அதனால் வீடு வீடாகப் போய், இருப்பதையெல்லாம் போடுங்கள் என்று கெஞ்சினாள்.

முதல் காம்பராவின் ஜீவராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். “அத அணை, இத அணைன்னுதான் கேட்டுப் பழகியிருக்கோம். எல்லாத்தையும் போடுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க மிஸ்.”

சொன்னதோடு நிற்காமல் கிரைண்டரில் ஒரு கிலோ மிளகாயைக் கொட்டினாள்.

பக்கத்துக் காம்பராக்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் ரைஸ் குக்கரையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையும் சேர்த்துப் போட்டாள். அதற்கடுத்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு அயனை எடுத்து ஒரே சேலையை இரண்டு பக்கமிருந்தும் தேய்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை. லயமே கூடிவிட்டது.

மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் நத்தார் விளக்குகள் ஆடி மாதத்தில் வெளியே வந்து பட்டப்பகலில் மினுங்கின. கல்யாண வீடுகளுக்குச் சவுண்ட் செட் போடும் சின்னராசா, ஆளுயரப் பெட்டிகள் நான்கையும் வாசலில் இறக்கி அம்மன் பாட்டைப் போட்டான். தேயிலை மலையே அதிர்ந்தது.

முள் ஏழுக்கு ஏறியது. எட்டுக்கு ஏறியது.

அளவுகள் உடனுக்குடன் கண்டியில் அவளுடைய பேராசிரியரின் வீட்டுக் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று அவர் செய்தி மேல் செய்தி அனுப்பினார்.

பிறகு அவரிடமிருந்து செய்தி வருவது நின்றுவிட்டது.

பூரணி தொலைபேசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மனுஷனுக்கு நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது.

போதாக்குறைக்கு, சோறு வெந்து ரைஸ் குக்கர்கள் ஒவ்வொன்றாக ‘டக்’கென்று அணையத் தொடங்கின. முள் சரசரவென்று இறங்கியது.

“தண்ணி ஊத்தித் திரும்பப் போடுங்க” என்று பூரணி அலறினாள்.

அன்றைக்கு அந்த லயத்தில் பாதிப் பேர் கஞ்சிதான் குடித்திருப்பார்கள். ஆனால் ஊற்றினார்கள். முள் மறுபடி எட்டுக்கு வந்தது, எட்டரைக்கு வந்தது, ஒன்பதுக்குப் பக்கத்தில் போய் அடம்பிடித்து நின்றது.

போடுவதற்கு இனி எதுவுமில்லை. ஒருத்தி கைத்தொலைபேசியின் சார்ஜரைக் கொண்டுவந்து செருகிவிட்டு, முள் நகர்ந்ததா என்று ஆசையாகக் கேட்டாள். பூரணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான், மேலே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவிலிருந்து வரும் குறுக்குப்பாதையில் ஒருவர் இறங்கி வருவதைக் கண்டாள். பங்களாச் சமையல்காரர் ஆண்டியப்பன். அவர் கையில் வெள்ளி போல் பளபளக்கும் பெரிய மின்சாரக் கேத்தல்.

பூரணி எதிரே ஓடினாள். மூச்சு வாங்க நின்றவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கேத்தல் அவர் கையிலிருந்து போய்விட்டது. ஜீவராணி அதில் தண்ணீரை ஊற்றினாள், சின்னராசா செருகியை மாட்டினான்.

முள் ஒரு குலுங்கு குலுங்கியது. ஒன்பதரை. பத்து. பத்துக்கும் மேலே கொஞ்சம்.

அங்கேயே நின்றது.

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கில்லை. மிளகாய்த்தூள் கையோடு ஜீவராணி ஆடினாள், பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் தும்மிக்கொண்டே ஆடினார்கள். பூரணி ஒற்றைச் செருப்போடு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஆண்டியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“சரியான நேரத்துல கொண்டாந்தீங்கண்ணே. யாரு சொல்லி வந்தீங்க?”

ஆண்டியப்பன் சங்கடமாக நெளிந்தார்.

“யாரும் சொல்லலீங்க மிஸ். தொரைக்குத் தேத்தண்ணி போடணும். பங்களாவுல கரண்டு இல்ல, கேஸும் முடிஞ்சிபோச்சி. இங்க பாட்டுச் சத்தம் கேட்டிச்சி, அதான் ஓடியாந்தேன்.”

சின்னராசா பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

பங்களாவில் மட்டும்தான் இல்லையா என்று பூரணி கேட்டாள்.

“எங்கயுமே இல்லீங்களாம். நோர்வூட்ல இல்ல, ஹட்டன்ல இல்ல, கண்டி கொழும்புலயும் இல்ல. நாடு பூராவும் போயிருச்சாம்.”

பூரணி தொலைபேசியை எடுத்து, பேராசிரியரின் கடைசிச் செய்தி வந்த நேரத்தைப் பார்த்தாள். நத்தார் விளக்குகள் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தன.

கேத்தல் கொதிக்கத் தொடங்கியது. ஜீவராணி கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, துரைக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டாள்.