ஆறாம் காட்சியின் தலைக்கவசம்

விண்வெளித் தொடரின் படப்பிடிப்பில், காட்சிக்குக் காட்சி எது எப்படியிருந்தது என்று குறித்துச் சுமந்துவந்த குறிப்பேட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐந்தாம் காட்சியில் விண்கல் பட்டு நொறுங்கினாய். ஆறாம் காட்சியில் எப்படியடா முழுசாக வந்து நிற்கிறாய்?"

"நொறுங்கியது என் அண்ணன், அக்கா," என்றது தலைக்கவசம். "எங்களை ஒரே மாதிரி இரண்டு பேராகத்தான் செய்தார்கள். யார் கவனிக்கப்போகிறார்கள்? விட்டுவிடுங்களேன்."

"பார்க்கிறவர்கள் என்ன மடையர்களா? தப்பு தப்புதான்!"

இயக்குநர் குறிப்பேட்டைப் புரட்டினார். "அட, சரிதானே," என்றவர், ஒரு சுத்தியல் கொண்டுவரச் சொன்னார்.

ஆறாம் காட்சியை மறுபடி எடுத்தார்கள். காற்றே இல்லாத கிரகத்தில், தலைக்கவசத்தின் சில்லுகளை மிதித்தபடி, நாயகன் வெறுந்தலையோடு பாடிக்கொண்டு போனான்.

குறிப்பேடு எல்லாவற்றையும் பார்த்தது. அந்தப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டது.