கொடி வீட்டு இனிப்பு

“அந்தக் கொடி வீட்டுக்கு மட்டும் போகேலாது. பிறகு அழக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

வாசல் தாண்டும் முன்பே சுவர்ணா சட்டம் போட்டுவிட்டாள். எலும்புக்கூடு உடுப்புப் போட்ட லக்‌ஷனும், சூனியக்காரித் தொப்பி வைத்த அவன் தங்கை விதுஷாவும் உடனே தலையாட்டினார்கள். பேய் வேஷம் போட்டு வீடு வீடாய் இனிப்புக் கேட்க ஹலோவீனுக்குப் புறப்படுகிற பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

இங்கிலாந்தில் மிச்சம் என்ற ஊரில் அவர்களுடைய தெரு முழுக்க வாசலுக்கு வாசல் பூசணிக்காய். பூசணிக்காய் வைத்த வீட்டுக் கதவைத் தட்டலாம், வைக்காத வீட்டைத் தட்டக் கூடாது. இந்த ஒழுங்கு இங்கே பால்குடிக்கும் தெரியும்.

கொடி வீட்டில் பூசணிக்காய் மட்டுமா? கூரையில் ராட்சதச் சிலந்தி, புல்லுக்குள்ளிருந்து நீட்டிய கைகள், போதாததற்குப் புகை வேறு. தெருவிலேயே திறமான வீடு அதுதான்.

ஆனால் அதன் ஜன்னலில் பெரியதொரு இங்கிலாந்துக் கொடி தொங்கியது. வீட்டுக்காரன் டெரி கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். கறுத்த நாய் ஒன்றும் வைத்திருந்தான். அவன் நிறவெறியன் என்பதற்குச் சுவர்ணாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. குடிவந்த நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசாமலே அவனுடைய மனத்தை முழுதாக வாசித்து முடித்திருந்தாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஜெலி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டெலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வருவது. சுவர்ணா வீட்டில் சுத்த சைவம்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் முதலில், “தாங்க்யூ சொல்லுங்கோ” என்பாள். பிள்ளைகள் சொல்வார்கள். கதவு சாத்தியதும் தெருவிளக்கின் கீழே இருவரையும் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் இனிப்பு உறைகளைத் திருப்பித் திருப்பி, எறும்பளவு எழுத்தை எல்லாம் வாசிப்பாள். விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் இவளிடம் பாடம் படிக்கலாம்.

மாடு என்றால் பறிமுதல். பன்றி என்றாலும் பறிமுதல். பறித்ததெல்லாம் அப்பா பிரவீணனின் ஜக்கெட் பைக்குள் போனது.

பிரவீணனும் சைவம்தான். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் காருக்குள் இருந்து பேர்கர் தின்றுவிட்டு, நாலு ஜன்னலையும் திறந்து மணத்தைப் போக்கிக்கொண்டு வீடு வருகிற வகைச் சைவம். பறிமுதல் விஷயத்தில் மனைவிக்குப் பூரண ஒத்துழைப்புக் கொடுத்தான்.

“அம்மா, இதைத் தின்னேல்லை, மணந்து மட்டும் பாக்கட்டோ?” என்று கேட்டான் லக்‌ஷன்.

அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

இந்த வருடம் தெருவே பேசிவைத்ததுபோல் ஜெலியாகக் கொடுத்தது. தெரு முடிகிறபோது லக்‌ஷனின் இனிப்பு வாளிக்குள் இரண்டு சொக்லெட். விதுஷாவின் வாளிக்குள் யாரோ கொடுத்த ஒரு தோடம்பழம். அவள் அதை எடுத்துப் பார்த்தாள், திரும்பப் போட்டாள், பிறகு சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் சுவர்ணா அதட்டியிருப்பாள். இது அவளுக்கே தாங்கவில்லை.

எஞ்சியிருந்தது கொடி வீடு ஒன்றுதான்.

“ஒருக்கா தட்டிப் பாப்பமே,” என்றான் பிரவீணன். “பிள்ளையளைக் கடிச்சே திண்டுடப் போறான்?”

சுவர்ணா அரை மனதோடு பின்னால் போனாள்.

கதவு திறந்திருந்தது. டெரி ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஜெலியை நீட்டிக்கொண்டு நின்றான். முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அடுத்து லக்‌ஷன் கையை நீட்டினான்.

டெரி அவனைப் பார்த்தான். விதுஷாவைப் பார்த்தான். பாத்திரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இது உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளை நின்றான். சுவர்ணாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

“பாத்தியளே? நிறம் பாத்துக் குடுக்கிறான். நான் சொன்னால் எங்க கேக்கிறியள்? வாங்கோ பிள்ளையள், எங்களுக்கு மானம் இருக்கு.”

அந்தப் பாத்திரத்தில் இருந்ததெல்லாம் அவள் எப்படியும் பறிக்கப்போகிற ஜெலிதான். ஆனாலும் தன் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்பது அவளுடைய எண்ணம். இருவரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் படலைவரை வந்துவிட்டாள்.

டெரி பின்னாலேயே ஓடி வந்தான். கையில் வேறொரு தட்டு. சொக்லெட்டும் பிஸ்கட்டும் கலர்க் கலர் இனிப்புமாய்க் குவிந்திருந்தது. இதில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை, கடையில் நின்று ஒவ்வொன்றாக வாசித்துத்தான் வாங்கினேன் என்றான். இவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்ததாம். நேரம் போகப் போக, வரமாட்டார்களோ என்று நினைத்தானாம்.

விதுஷா கண்ணைத் துடைக்காமலே வாளியைத் தூக்கிப் பிடித்தாள். அது நிரம்பி வழிந்தது.

சுவர்ணா தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எங்களுக்கு ஜெலட்டின் ஆகாதென்று உங்களுக்கு யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

டெரி தயங்கினான். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“போன வருடம் என்னுடைய குப்பைத் தொட்டிக்குள் நீங்கள் இனிப்புகளைக் கொட்டிவிட்டுப் போனதை வாசல் கமெராவில் பார்த்தேன். சண்டைக்கு வரத்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். வாசித்துப் பார்த்தால், எல்லா உறையிலும் அந்த ஜெலட்டின் ஒன்றுதான் பொதுவாக இருந்தது.”