வடக்குவாசல் சாத்தியாச்சு

மருமகள் தாட்சாயணிக்கு இடுப்புவலி கண்டதும் வேலம்மாள் ஆளில்லா ஆட்டோவைக் கூப்பிட்டாள். கோட்டைத் தெருவில் விர்ரென்று போன ஆட்டோ, வடக்குவாசல் ஒருகாலத்தில் இருந்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. எதிரே கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி தெரிந்தது.

"மணி ஆறு. கோட்டைக் கதவு சாத்தியாச்சு. கிழக்குவாசல் வழியா சுத்திப் போகவா? முக்கால் மணி நேரமாகும்" என்றது ஆட்டோ.

"எந்தக் கதவு? சுவரையே இடிச்சு நூத்தைம்பது வருஷமாச்சு, கட்டையில போற வண்டியே!"

"வரைபடத்துல திரும்பக் கட்டியாச்சும்மா. வண்டி தாண்டக் கூடாது. திட்டிவாசல் திறந்திருக்கு, ஆளுங்க நடந்து போகலாம்."

திட்டிவாசல் என்பது பெரிய கதவுக்குள் ஓர் ஆள் மட்டும் நுழையும் சின்னக் கதவு. அதுவும் வரைபடத்தில்தான் இருந்தது. தெரு வெட்டவெளியாகக் கிடந்தது. திட்டிவாசல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

ஆட்டோவின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதபடி வேலம்மாள் மருமகளை இறக்கினாள். "சுவராம், கதவாம்! எங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்து நடந்தாள். நாயின் அருகே வந்ததும் வேலம்மாள் மருமகளின் உச்சந்தலையில் கைவைத்து மெல்ல அழுத்தினாள்.

"குனிஞ்சு வாம்மா. தலையில இடிச்சுக்கப்போறே."