முதல் புகார்

"பேரு சொல்ல மாட்டேங்கறாங்க மேடம். எந்த இடம்னும் சொல்லல. ஆனா அழறாங்க" என்றான் உதவியாளன் ஹம்மாத், ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

ஷண்முகப்ரியா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். புகார் சொல்வதற்கென்று தனி போன் எண் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்றுதான் முதல் அழைப்பு.

நந்தனத்தில் உள்ள அந்தக் கம்பெனியில் அவள் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். மாறிக்கொண்டே இருக்கும் சட்டங்களைக் கம்பெனி ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. புதுத் தொழிலாளர் சட்டங்கள் வந்ததும் முதலாளியே கொஞ்சம் ஆடிப்போனார். அவள் அசரவில்லை. மாடி மாடியாக ஏறி வகுப்பெடுத்தாள். கூட்டித் துடைக்கிற பெண்களைக்கூட ஏசி அறையில் உட்காரவைத்து, யார் மரியாதைக் குறைவாக நடத்தினாலும் இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்றாள்.

அந்த எண்ணைத் துணிப்பையில் அச்சடித்துக் கொடுத்ததும் அவள் யோசனைதான். காகிதமாகக் கொடுத்தால் கசக்கி எறிந்துவிடுவார்கள், பை என்றால் காய்கறி வாங்கவாவது எடுத்துப் போவார்கள் இல்லையா? மிச்சமான பைகளை ஆபீசில் ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

"என்ன பிரச்சினையாம்?"

"ஏதோ பொருள் காணாமப் போச்சாம். இவங்கதான் எடுத்திருப்பாங்கன்னு நாலு பேர் எதிர்ல பையைக் கொட்டிக் காட்டச் சொன்னாங்களாம். முந்தானையைக்கூட உதறச் சொன்னாங்களாம்."

"அப்புறம்?"

"பொருள் கிடைச்சிடுச்சு மேடம். ஆனா கிடைச்சதை இவங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையாம்."

ஷண்முகப்ரியாவுக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. கோபம் வந்தால் இடது காதுத் தோட்டைத் திருகுவது அவள் வழக்கம்.

"கேன்டீன்தான். போன மாசம் செல்போன் காணோம்னு அங்க ஒரு கலாட்டா நடந்துதே. வெள்ளைச்சாமியை மேல வரச்சொல்லு. அந்தம்மா லைன்லயே இருக்கட்டும்."

கேன்டீன் கான்ட்ராக்டர் வெள்ளைச்சாமி தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தபடியே வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார்.

"அந்த போன் அன்னிக்கே கிடைச்சிடுச்சு மேடம். நான் யார் பையையும் தொடல. எங்க பொம்பளைங்களை நான் அப்படி நடத்தறவன் இல்ல."

"புகார் சும்மா வருமா? எடுத்துட்டான்னு சொல்லும்போது ஊரே கேக்கற மாதிரி சொல்வீங்க. எடுக்கலைன்னு தெரிஞ்சா மட்டும் வாயே திறக்க மாட்டீங்க. கிடைச்சிடுச்சும்மா, தப்பா நினைச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

அவருக்கு அவள் அப்பா வயது இருக்கும். ஹம்மாத்தைப் பார்க்கக் கூசி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொருள் போனா வாங்கிக்கலாம், மானம் போனா வாங்க முடியுமா? சட்டம் இப்ப முன்ன மாதிரி இல்ல. அந்தம்மாகிட்ட நீங்க நேர்ல மன்னிப்புக் கேக்கணும். இல்லைன்னா அடுத்த மாசம் கேன்டீன் உங்களுக்கு இல்ல."

"கேக்கறேன் மேடம்" என்றார் அவர், குரலே எழும்பாமல். "யாருன்னு மட்டும் சொல்லுங்க."

ஷண்முகப்ரியாவுக்கு மனது நிறைந்திருந்தது. இத்தனை வருஷம் சட்டம் படித்ததற்கு இன்றைக்குத்தான் ஓர் அர்த்தம் வந்தது போலிருந்தது. அவரை அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டிவிட்டு ரிசீவரை வாங்கி வலது காதில் வைத்தாள். பேச வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"தம்பி, லைன்ல கீறியா? டைம் ஆய்க்கினு கீது, சொல்ட்டு வச்சிடறேன். அவங்க மேல கேசு கீசு ஒண்ணும் போட்றாதப்பா. நல்லவங்கதான். இந்தத் துணிப்பையக் கூட அவங்கதான் ஆபீசுலேர்ந்து எட்த்தாந்து குட்த்தாங்க. அதுல கீற நம்பரத்தான் எம் பொண்ணு போட்டுக் குட்த்துச்சு."

ஷண்முகப்ரியா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கொலு பாக்க வந்தவங்க எதிர்ல முந்தானைய உதறினேன்பா. அவங்க அல்லாரும் இன்னும் என்னிய ஒரு மாரியாத்தான் பாக்கறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். 'கெட்ச்சிடுச்சு முத்துமாரி'ன்னு அவங்க வாயால ஒரு வார்த்த சொன்னா போதும். காலைல காபி குடுக்கசொல்ல பாத்தேன், ரெண்டு காதுலயும் தோடு கீது."

தலையணை உறைக்குள் தோடு அகப்பட்ட அன்று, மறுபடியும் எதற்கு அந்தப் பேச்சு என்று விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க ஆளுதானா மேடம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் வெள்ளைச்சாமி.

தோட்டைத் திருகிக்கொண்டிருந்த கை தானாகக் கீழே இறங்க, "இல்ல, எங்க வீட்டு ஆளு" என்றாள் ஷண்முகப்ரியா, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்.