தொட்டில் காலி

டியூடர் வம்சத்துத் தொடர் இரவுபகலாக நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் மேரி அரசி ஏப்ரல் மாதத்தில் பிரசவ அறைக்குள் நுழையும் கட்டம் வந்தபோது, மேரியாக நடித்த செங்கமலத்துக்கும் நிஜமாகவே நிறைமாதம்.

"வயித்துக்குப் பஞ்சு கட்டுற வேலை மிச்சம்" என்று இயக்குநர் பூரித்துப்போனார். "வலி வர்றதுக்குள்ள உன்ன வீட்டுக்கு அனுப்பிடறேம்மா."

அக்கால வழக்கப்படி சன்னல்களைக் கனத்த திரைகளால் மூடி, கட்டிலருகே தொட்டிலும் வைத்தார்கள். வரலாற்றுக்குப் பொருந்தாத எதையும் அனுமதிக்காத 'சரித்திரக் காவலன்' என்ற இயந்திரம், அவளுடைய வளைகாப்பு வளையல்களைக் கழற்றவைத்தது. கதவுப் பூட்டும் ஒளிபரப்பும் அதன் பிடியில்தான்; பொருந்தாத படத்தையும் சத்தத்தையும் அதுவே அழித்துவிடும்.

சொன்ன தேதிக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. தாதியாக நடித்த ரெஜினா கதவை இடித்தாள்.

"கதவத் தெற! இவளுக்கு நெசமாவே வலி வந்திருச்சு!"

"மேரி அரசியுடையது பொய்க் கர்ப்பம். குழந்தை பிறக்கவில்லை" என்றது காவலன் பணிவாக. "அரசி ஆகஸ்டு மாதம்தான் வெளியே வருவார்."

செங்கமலம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ரெஜினா தனக்குத் தெரிந்த மட்டும் கைகொடுத்தாள். கடைசியில் குழந்தை வீறிட்டது.

"பொம்பளப் புள்ளடீ!" ரெஜினா அழுதுகொண்டே அதைத் தொட்டிலில் கிடத்தினாள்.

செங்கமலம் தலையைத் திருப்பி, கேமராவில் படாத சுவரிலிருந்த நேரலைத் திரையைப் பார்த்தாள். அதில் அரசியின் விம்மல் மட்டும் கேட்டது. திரையில் அரசியின் பக்கத்தில் தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது.

"பிரமாதம்மா! புள்ள இல்லாத வேதனை அப்படியே கண்ணுல தெரியுது. இதே மாதிரி இரு, ஆகஸ்டு வரைக்கும்."