அதிக மார்க் வாங்கிய சாந்தாமேரி

எஸ்டேட் முதலாளி நடத்திய இலவச முகாமுக்கு, மாத்திரை ஏதாவது தருவார்கள் என்று நம்பித்தான் சாந்தாமேரி வந்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த மனநல ஆலோசகரோ மாத்திரைக்குப் பதில், வாழ்க்கையில் வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் மார்க் கொடுத்தார். ஒவ்வொரு கேள்வியையும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இந்த வருஷம் வீட்டுல யாராவது இறந்தாங்களா?"

"ஊட்டுக்காரருங்க. எஸ்டேட் லாரி டிரைவர்."

"நூறு மார்க். வேலைக்குப் போறீங்களா?"

"காப்பிக் காட்டு வேலையிலிருந்து நிறுத்திட்டாங்க."

"வெரி குட். வீடு மாறினீங்களா?"

"ஆமாங்க. குப்பனூர்ல தங்கச்சி ஊட்டு மாட்டுக்கொட்டாயில இருக்கறேன்."

அவர் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இங்க வந்தவங்கள்ல இந்த அம்மாவுக்குத்தான் மன அழுத்தம் அதிகம். எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முதலாளிதான் பலமாகத் தட்டினார்.

"இன்னொரு மாற்றம் வந்தா உங்க உடம்பு தாங்காதும்மா. முதலாளி புதுசாத் திறந்திருக்கிற காட்டேஜ்ல மூணு நாள் சும்மா தங்கிக்கலாம். அதுதான் பரிசு." சாவியை நீட்டினார். "சர்ச்சுக்குப் பின்னால, பலாமரத்தடி வீடு. வழி காட்ட ஆள் அனுப்பறேன்."

சாந்தாமேரி சாவியை வாங்கவில்லை.

"வழி தெரியுமுங்க. ஊட்டுக்காரரை அடக்கம் பண்ணிட்டு நான் திரும்பறதுக்குள்ள எங்க சட்டிபானையை வெளிய தூக்கிப் போட்டாங்களே, அந்த ஊடுதானுங்க. மூணு நாள் கழிச்சு மறுபடியும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அதுக்கு எத்தனை மார்க்குங்க?"